திரையில் வளையும் பாலம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதி சாம்பல்தீவில் களப்பைக் கடக்கிறது. அந்தப் பாலத்தின் மேலாகத் தினமும் பஸ்ஸில் போய்வரும் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவனிடம் ஒரு கோலையும் இரண்டு தாங்கிகளையும் வரைந்து கொடுங்கள். மறுதாக்கங்களை மளமளவென்று கண்டு சொல்லிவிடுவான். பாலத்தையே காட்டி, ‘இதில் எதைக் கோலாக எடுப்பாய், தாங்கி எங்கே இருக்கிறது, எந்தச் சுமையைக் கணக்கில் விடலாம்?’ என்று கேட்டால் திணறுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. அப்படியொரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இணைந்த கணிதத்தின் இரண்டாம் வினாத்தாளில் பெரும்பங்கு நிலையியலுக்கும் இயக்கவியலுக்கும் உரியது. அதன் பெறுமதியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. விசையைக் கூறுகளாகப் பிரிப்பதிலும், திருப்பம் எடுப்பதிலும், சமன்பாடுகளைத் தவறின்றித் தீர்ப்பதிலும் அது தரும் பயிற்சி, பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ கிளிநொச்சிக்கோ பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு நான்கு வருடமும் கைகொடுக்கும். ஆனால் அந்த வினாத்தாளில் மேசை எப்போதும் ஒப்பமானது, இழை இலேசானது, நீளாதது, கோல் சீரானது. உலகத்தை எளிமையாக்கும் வேலையை வினாவை எழுதியவரே முடித்துவிடுகிறார். மாணவனுக்கு மிஞ்சுவது அட்சரகணிதம்.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயக்கவியலோடு கணினி வரைவியலும் சேர்ந்து வருகிறது. இந்தச் சேர்க்கையால் வரும் நன்மை பெரிது. நான்கு கோல்களை மூட்டுகளால் இணைத்த ஒரு பொறிமுறையை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் அதன் ஒரு நிலையை மட்டுமே வரையலாம். வேகப்படமும் அந்த ஒரு நிலைக்கே பொருந்தும். திரையில் ஓட்டினால் முழுச் சுற்றும் தெரிகிறது: எங்கே ஒரு கோல் வேகமெடுக்கிறது, எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் இரண்டு கோல்கள் நேர்கோட்டில் வந்து பொறி நின்றுபோகக்கூடும் என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். முப்பரிமாணக் காவிகளும் அப்படித்தான். தாளில் சாய்கோடுகளாய்க் கிடந்து குழப்பியவை, உருவத்தைத் திருப்பிப் பார்த்ததும் தெளிகின்றன. சுண்ணக்கட்டியால் இதைச் செய்ய எந்த ஆசிரியராலும் முடியாது.

படம் வரைந்தே விசையைக் காணும் வழக்கம் கணினியோடு வந்ததுமல்ல. நம் பிள்ளைகள் சட்டப்படலுக்குப் போவின் குறிப்பீட்டில் தகைப்பு வரிப்படம் வரைகிறார்களே, அது 19ஆம் நூற்றாண்டின் சொத்து. 1864இல் பௌதிகவியலாளர் மாக்ஸ்வெல் அதன் வடிவியலை எழுதினார். 1866இல் சூரிச் பேராசிரியர் கார்ல் குல்மன் வரைபட நிலையியலை நூலாக்கினார். ஐஃபல் கோபுரத்தின் வடிவத்தை முதலில் வரைந்த மொரிஸ் கெக்லின் குல்மனிடம் படித்தவர். பிறகு 1963இல் இவான் சதர்லாந்து தம் ஆய்வுக்காக ‘ஸ்கெட்ச்பாட்’ என்ற மென்பொருளை எழுதினார். கணினி வரைவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அதில் அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஒரு சட்டகப் பாலம்: சுமையை வைத்தால் பாலம் வளையும், ஒவ்வோர் அங்கத்திலும் உள்ள விசை எண்ணாகத் தெரியும். இயக்கவியலும் கணினி வரைவியலும் அப்போதிருந்தே சேர்ந்து வளர்ந்தவை.

இன்றைய மென்பொருளில் அதே பாலம் வண்ணங்களோடு வளைகிறது. பழுதும் அந்த வண்ணங்களில்தான் தொடங்குகிறது. சிவப்பைக் கண்டதும் மாணவர் ‘இங்கே உடையும்’ என்கிறார். உண்மையில் சிவப்பு என்பது அந்தப் படத்தில் உள்ள மிகப் பெரிய தகைப்பு, அவ்வளவுதான். உருக்கு தாங்கக்கூடிய அளவில் பத்திலொன்றாகவும் அது இருக்கலாம். வளைவும் உள்ளபடி காட்டப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மென்பொருள் அதைப் பல மடங்கு பெருக்கியே காட்டுகிறது. அந்த மடங்கு திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. இன்னும் நுட்பமானது உட்புறக் கூர்மூலை. கணிப்புக்காக மென்பொருள் உருவத்தைச் சிறுசிறு மூலகங்களின் வலையாகப் பிரிக்கிறது; அந்த மூலையில் வலையைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைப்பு ஏறிக்கொண்டே போகும், ஓர் எண்ணில் நிற்காது. அது பொருளின் குணமல்ல. மூலையை முழுக் கூர்மையாக வரைந்ததன் விளைவு. இது தெரியாதவர் ஏதோ ஒரு வலையில் நிறுத்தி, அப்போது கிடைத்த எண்ணை மூன்று தசமதானங்களோடு அறிக்கையில் எழுதிவிடுவார்.

இது வகுப்பறைக்குள் முடிந்துபோகிற சங்கதியல்ல. 1991 ஆகஸ்ட் 23 அன்று நோர்வேயின் கான்ட்ஸ்பியோர்டில், ஸ்லைப்னர் ஏ என்ற கடல் மேடையின் கொங்கிரீட் அடிக்கட்டுமானம் சோதனைக்காக அமிழ்த்தப்பட்டபோது சுவர் பிளந்து மூழ்கியது. அதன் கலங்கள் கூடும் இடத்தில் வலை சரியாகப் போடப்படவில்லை. வெட்டுத் தகைப்பு ஏறத்தாழ 47 வீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின், வலையாகப் பிரித்துக் கணிக்கும் அதே முறையில், அதாவது முடிவுறு மூலக முறையில், கவனமாகக் கணித்தபோது 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீற்றரில். ஆக, முறையில் பிழையில்லை. ‘இந்தச் சுவருக்கு இவ்வளவு சிறிய தகைப்பா?’ என்று நிறுத்திக் கேட்கவேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை.

உயர்தர வகுப்பின் குறையும் மென்பொருளின் குறையும் ஒன்றேதான் என்பேன். அங்கே வினாவை எழுதியவர் மாணவருக்காக முடிவெடுக்கிறார். இங்கே ‘நிலைத்த தாங்கி’, ‘உருளும் தாங்கி’ என்ற பொத்தான்கள் முடிவெடுக்கின்றன. எதை வைப்பது, எதை விடுவது என்ற தீர்ப்புத்தான் பொறியியலின் உயிர். சல்லிக் கிராமத்துக் கரையில் ஒரு வள்ளத்தை மணலில் இழுத்தேற்றுவதைப் பாருங்கள். கயிறு நீள்கிறது, மணல் புதைகிறது, வள்ளத்தின் அடி மணலைக் கிழித்துத் தள்ளுகிறது. உராய்வுக் குணகம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. இழுவிசை எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட, ஆட்களை எண்ணி, ஒருவர் எவ்வளவு இழுப்பார் என்று ஊகித்து, கயிற்றின் சாய்வைப் பார்த்துத் தொடங்கவேண்டும். அந்த வேலையில் பிழைவிடப் பழகாதவர் திரையில் எதைக் கண்டாலும் நம்புவார்.

கணினி வரைவியல் இந்தக் குறைக்கு மருந்தாகவும் முடியும். ஒரு நிபந்தனை, மாணவர் மென்பொருளை அமுக்குவதோடு நிற்காமல் தாமே எழுதவேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் பொறியியல் பீடம் இல்லை. ஆனால் சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டினால், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது; கணினி விஞ்ஞானம் அங்கே பாடம். ஓர் எளிய ஊசலை எழுதச் சொல்லிப் பார்க்கலாம். ஒவ்வொரு நேரப் படியிலும் பழைய வேகத்தால் இடத்தையும், பழைய ஆர்முடுகலால் வேகத்தையும் மாற்றினால், ஊசல் ஆட்டத்துக்கு ஆட்டம் உயர்ந்துகொண்டே போகும். சக்தி எங்கிருந்து வந்தது? முதலில் வேகத்தை மாற்றி, அந்தப் புதிய வேகத்தால் இடத்தை மாற்றினால் ஆட்டம் உயர்ந்துபோகாமல் ஒழுங்காகும். சக்திக் காப்பு விதியை இத்தனை உறைக்கச் சொல்லும் பயிற்சி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சட்டப்படலுக்கும் அப்படியே: மூட்டுகளின் ஆள்கூறுகள், ஒரு தாயம், அதைத் தீர்க்கும் சில வரிகள், பிறகு கோடுகள். தாம் எழுதிய நிரலில் குறியொன்று மாறி, பாலம் மேல்நோக்கி வளைவதைக் கண்டவர் பிறகு எந்தப் படத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்கமாட்டார்.

ஆய்வுகூடத்துக்கு விலைகூடிய மென்பொருள் வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு. விரிவுரையாளரின் நேரம்தான் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பிழையும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

ஆசிரியர்களிடமும் விரிவுரையாளர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். தவணையின் முதல் பயிற்சிக்கு எண்களே இல்லாத ஒரு நிழற்படத்தைக் கொடுங்கள். சாம்பல்தீவுப் பாலமே போதும். விசைப்படத்தைக் கையால் வரையட்டும், விடை எந்த அளவில் வரும் என்று எழுதி ஒப்படைக்கட்டும். கணினியை அதன் பிறகு திறக்கட்டும். இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று சொல்வதற்கே புள்ளிகளில் பாதியை ஒதுக்குங்கள்.