எடை, வளைவு, தடிமன்: ஸ்பின்னிங் தூண்டிலின் நான்கு மரபுகள்

ஸ்பின்னிங் ரீல் ஆலைக்காரர் ஒருவரின் மூளையில் உதித்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளித் தொழில் நடத்திய ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலைக் கதிரின் முனையிலிருந்து நூல் உருவி வருவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்பார்கள். அதுவரை பெரும்பாலான ரீல்களில் வீசும்போது உருளையே சுழல வேண்டும். அதைச் சுழற்றிவிட இரைக்குக் கனம் வேண்டும். உருளை அசையாமல் நிற்க தூண்டில் நரம்பு மட்டும் வழுக்கிப் போனால், சில கிராம் இரையும் தொலைவுக்குப் பறக்கும்.

பிறகு வந்த பெரிய பட்டறைகளும் மீன்பிடித் தொழிலில் பிறந்தவை அல்ல. மிட்செல் ரீல் வந்த பிரான்ஸின் குளூஸ் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். சுவீடனின் ஆபு 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியது. அதே ஆண்டு ஜப்பானின் சகாயில் ஷிமானோ சைக்கிள் உதிரிபாகத்தில் இறங்கியது. பல்சக்கரம் தெரிந்தவர்கள் கையில் ரீல் தேறியதில் வியப்பென்ன!

ரீல் ஒருவழியாக ஒன்றுபோல் ஆகிவிட்டது, அளவுகோல்தான் ஆகவில்லை. பழைய பிரிட்டிஷ் வழக்கில் ராடின் நுனியைச் செங்கோணமாக வளைக்க எத்தனை பவுண்டு இழுவை வேண்டும் என்பதே கணக்கு. ஐரோப்பியக் கண்டத்தார் எறியத்தக்க இரையின் எடையை கிராமில் ராடின் மேல் அச்சிடுகிறார்கள். அமெரிக்கர்களுக்கு நரம்பு அறுபடும் பவுண்டு. ஜப்பானியர் தடிமனைப் பிடித்துக்கொண்டார்கள்: நைலானில் 1-ஆம் எண் 0.165 மி.மீ.; பின்னல் நரம்பில் பி.ஈ. 1 என்றால் 200 டெனியர், பட்டு நூலுக்குச் சொல்கிற அதே டெனியர்தான்.

இவற்றில் அமெரிக்கரின் பவுண்டுக் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பல நரம்புகள் டப்பாவில் போட்டிருப்பதைவிட அதிகம் தாங்கும். 1939-இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் சாதனை கோருபவரிடம் நரம்பின் துண்டையே கேட்டு வாங்கி, நனைத்துச் சோதிப்பது சும்மா அல்ல.

வாங்கப் போகிறவருக்கு கிராம் கணக்கே உதவும். கடைக்குப் போனதும் பளபளக்கும் ரீலைத்தான் முதலில் கையில் எடுக்கிறோம். எடுக்க வேண்டியது இரையை. பிரெஞ்சு மெப்ஸ் நிறுவனத்தின் 2-ஆம் எண் அக்லியா ஸ்பின்னரின் எடை நாலரை கிராம்தான். வட ஐரோப்பிய ஏரிகளில் பெர்ச் மீனுக்கு அது போதும். அதை 20–60 கிராம் ராடில் கட்டி வீசினால் ராடு வளையவே வளையாது. இரை காலடியில் விழும். 2–10 கிராம் ராடு, சிறிய ரீல், பி.ஈ. 0.6 நரம்பு என்று எல்லாம் அந்த நாலரை கிராமிலிருந்தே இறங்கி வரும். அதே ஏரியில் பைக் மீனைக் குறிவைத்தால் கணக்கு மாறும். அதன் பல்லுக்குப் பின்னல் நரம்பு எம்மாத்திரம், நுனியில் எஃகுக் கம்பி கட்டாமல் முடியாது. நம் கடலில் ஷீலா மீன் பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரீலின் 2500, 4000 என்ற எண்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கம்பெனியின் 2500 இன்னொன்றின் 2500 ஆகாது. உருளையில் பொறித்திருக்கும் நரம்பின் தடிமனும் நீளமுமே பேச்சு. சுற்றும்போது விளிம்புக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் கொத்தாகக் கழன்று சிக்கும், குறைத்தால் விளிம்பில் உரசித் தூரம் குறையும்.

மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை நரம்பின் வலுவில் நாலில் ஒரு பங்குக்கு, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்து வையுங்கள். இல்லிங்வொர்த் காலத்திலிருந்து தீராத ஒரு குறையும் இந்த ரீலுக்கு உண்டு: மீன் நரம்பை இழுத்து ஓடும்போது கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு முறுக்கேறும். 5:1 ரீலில் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. மீன் ஓடி முடிக்கும்வரை ராடை நிமிர்த்திப் பிடித்து, கைப்பிடியைச் சுற்றாமல் நிற்க வேண்டும்.