கிரண்ஜித் ஜெயித்தது வேறு வாதத்தில்

2006ல் வந்த 'ப்ரவோக்ட்' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஐஸ்வர்யா ராய் நடித்தது, இசை ரஹ்மான். இங்கிலாந்தில் க்ராலி என்ற ஊரில் நடந்த நிஜ வழக்கு. பத்து வருஷம் அடி உதை பட்ட கிரண்ஜித் அலுவாலியா, 1989 மே மாதம் ஓர் இரவு, கணவன் படுத்திருந்த அறைக்குள் பெட்ரோலை வீசித் தீ வைத்தார். கணவன் இறந்துபோனார்.

எனக்குத் தகராறு படத்தின் தலைப்போடுதான். 'ஆத்திரமூட்டப்பட்டவள்' என்கிறது அது. ஆனால் அந்த வாதம் கோர்ட்டில் எடுபடவே இல்லை. 1989ல் ஜூரி அதை ஏற்காமல், கொலைதான் என்று சொல்லிவிட்டது. 1992 அப்பீலிலும் அது தோற்றது. நிதானம் 'திடீரென்று' போயிருக்க வேண்டும் என்பது 1949 டஃபி வழக்கின் விதி. (அந்த டஃபியும் கணவனைக் கொன்ற பெண்தான்.) கணவன் சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டி மிரட்டியது அன்று மாலை, தீ வைத்தது சில மணி நேரம் கழித்து.

அப்போ எதுல ஜெயிச்சாங்க? 1957 கொலைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில். மனநிலைக் கோளாறு ஒருவரின் பொறுப்புணர்வைக் கணிசமாகக் குறைத்திருந்தால், கொலைக் குற்றம் மேன்ஸ்லாட்டராகக் குறையும். அங்கே கொலைக்கு ஒரே தண்டனை, ஆயுள். நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. மேன்ஸ்லாட்டர் என்றால் கை கட்டு அவிழும். அவருக்கு மன அழுத்த நோய் இருந்ததாகச் சொல்லும் மருத்துவச் சான்று முதல் விசாரணையில் ஜூரி முன் வரவில்லை; அப்பீலில் வந்தது. மறுவிசாரணைக்கு உத்தரவாகி, அந்தச் செப்டம்பரிலேயே மூன்று வருஷம் நாலு மாதம் தண்டனை. அதை ஏற்கனவே அனுபவித்தாயிற்று என்று விடுதலை.

நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதத்துக்குள் நுழைந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. அவன் என்ன செய்தான் என்பது பின்னால் போய், இவள் மூளையில் என்ன கோளாறு என்பது முன்னால் வருகிறது. பத்து வருஷக் கொடுமை ஒரு நோய்க்கான காரணமாகச் சுருங்குகிறது. அடி வாங்கியவள் வெளியே வர, நோயாளி என்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2009ல் சட்டத்தை மாற்றினார்கள். நிதானம் இழப்பது 'திடீர்' என்று இருக்க வேண்டியதில்லை என்றார்கள். அதேசமயம் இரண்டாம் பிரிவில், மருத்துவம் அங்கீகரித்த நோய் ஒன்றிருந்தே ஆகவேண்டும் என்று மனநல மருத்துவரின் பிடியை இறுக்கிவிட்டார்கள்.

சாலி சாலன் வழக்கைப் பாருங்கள். 2010ல், புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் சில வாரங்களுக்கு முன், கணவனைச் சுத்தியலால் அடித்துக் கொன்றவர். கணவன் மனைவியைக் கட்டுப்படுத்தி ஒடுக்குவதே தனிக் குற்றம் என்று 2015ல் சட்டம் வந்தது. 2019ல் அவருடைய அப்பீலைக் கேட்ட நீதிமன்றம், அந்த ஒடுக்குமுறை மட்டுமே கொலைக்கு எதிர்வாதமாகாது என்று தெளிவாகவே சொன்னது. அவருக்கும் விடுதலை கிடைத்தது. எந்தப் பிரிவில் என்கிறீர்கள்? அதே இரண்டாம் பிரிவில்.