உப்புத் தண்ணீரைத் தாங்குமா 15 லிட்டர் ஹீட்டர்?

ஐப்பசி அடைமழை பிடித்தால் புதுக்கோட்டை எலெக்ட்ரிக் கடைகளில் வாட்டர் ஹீட்டர் வாங்கக் கூட்டம் வந்துவிடும். ஸ்டார் எத்தனை, டிஸ்ப்ளே உண்டா என்று பேசுவார்கள். வீட்டில் என்ன தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. விராலிமலை, இலுப்பூர் பக்கம் பாறையைத் துளைத்துப் போர் போட்ட வீடுகளில் ஹீட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பதே அந்தத் தண்ணீர்தான்.

நான் பயன்படுத்துவது 15 லிட்டர், 2000 வாட், உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டி. 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வரச் சுமார் 20 நிமிடம் ஆகிறது. முக்கால் யூனிட்டுக்குள் மின்சாரம். பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம். ‘8 பார் அழுத்தம் தாங்கும்’ என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஒற்றைத் தள வீட்டின் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அரை பார்கூட இருக்காது. பிரஷர் பம்ப் வைத்தவர்களும் உயரமான அடுக்குமாடிக்காரர்களும் மட்டும் அதைப் பார்க்கட்டும்.

உண்மையான சோதனை சர்வீஸின்போதுதான். எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, அடிமூடியைக் கழற்றினார். காயிலைச் சுற்றி முட்டை ஓடு போல வெள்ளைப் படிவு. தட்டினால் சில்லு சில்லாக உதிர்ந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூட்டில் சுண்ணாம்பாகப் பிரிந்து ஒட்டுகிறது. அதன்பின் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலையே எரிக்கும். பக்கத்திலிருந்த மெக்னீசியம் தண்டு அரித்துப்போய், நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தது. தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வதே அதன் வேலை. அது தீர்ந்தால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான். காயிலை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, புதுத் தண்டும் புது கேஸ்கெட்டும் போட்டதும் ஹீட்டர் பழைய வேகத்துக்கு வந்தது.

கோளாறுகளை இப்படி இனம் காணலாம்:

சூடேற நேரமாகிறது, உள்ளே கடகடவென்று சத்தம்: காயிலில் உப்புப் படிவு.

அதிகச் சூட்டில் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது: தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும். கட்-அவுட்டை ஒதுக்கிவிட்டு நேரடியாக வயர் கொடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். தொட்டி வெடிக்கும் ஆபத்து அதில் உண்டு.

சூடேறும்போது சேஃப்டி வால்வில் சொட்டுகிறது: இயல்பு. தண்ணீர் விரிவடைகிறது, அந்த வாயை அடைக்கக் கூடாது.

சுவிட்ச் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ட்ரிப் ஆகிறது: பெரும்பாலும் காயிலில் மின்கசிவு. சரிசெய்யும்வரை தொடவே வேண்டாம்.

சர்வீஸ் முடிந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்தபிறகே சுவிட்ச் போட வேண்டும்.

என் தீர்ப்பு: காவிரிக் குடிநீர் வரும் வீடுகளுக்கு இந்த ஹீட்டரைத் தயங்காமல் வாங்கலாம். போர் தண்ணீர் வீடுகளுக்கும் ஏற்றதுதான், ஆண்டுக்கொரு சர்வீஸ் செய்தால். 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம். மெக்னீசியம் தண்டும் காயிலும் உள்ளூரில் கிடைக்கும் மாடலையே தேர்ந்தெடுங்கள்.