பொற்கொல்லனுக்கு என்ன ஆச்சு?

சிலப்பதிகாரத்தை நடத்தி முடித்ததும் நாம் வழக்கமாகச் சொல்வது இதுதான்: “பார்த்தீங்களா, தப்பு செய்தவன் தப்பிக்கவே முடியாது.” போன வருடம் அப்படிச் சொன்னபோது படிவம் நான்கு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். “சார், சிலம்பைத் திருடின பொற்கொல்லனுக்கு என்ன ஆச்சு?” எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் நூலை மறுபடி புரட்டினேன்.

கொலைக்களக் காதையில் அவன் செய்வது சின்னக் குற்றமா? அரசியின் சிலம்பைத் திருடுகிறான். பழியைக் கோவலன் மேல் போடுகிறான். ‘இவன் கள்வனாகத் தெரியவில்லையே’ என்று காவலர் தயங்கும்போது, கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அவர்கள் மனத்தைக் கலைக்கிறான். வழக்குரை காதையில் பாண்டியன் தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான், அரசியும் இறக்கிறாள். பொற்கொல்லன் அந்த அவைக்கு அழைக்கப்படவே இல்லை. தீயவர் பக்கம் மட்டும் சேரும்படி கண்ணகி தீயை ஏவுவதால் அவனும் வெந்திருப்பான் என்று ஊகிக்கலாம். இளங்கோ அப்படிச் சொல்லவில்லை.

அதைவிட நெருடுவது நீர்ப்படைக் காதை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் 1000 பேரை ஒரே பகலில் கண்ணகிக்குப் பலி கொடுத்ததாக மாடலன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். அந்த ஆயிரத்தில் திருடியவன் இருந்தானா? நூலில் இல்லை. விசாரணையும் இல்லை. சரியாக விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றதற்குத்தானே மதுரை எரிந்தது? அதே தவறு ஆயிரம் மடங்காக நடக்கிறது. இந்த முறை நீதி கேட்டு யாரும் வாயிலுக்கு வரவில்லை.

காப்பியத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதன் முதல் நீதி ஆட்சியில் தவறியவரைப் பற்றியது. அந்த அளவில் அது நிறைவேறுகிறது. ‘எல்லாக் குற்றத்துக்கும் தண்டனை உண்டு’ என்று அதை நீட்டுவது நாம்தான்.

வகுப்பில் ஒருவன் விசில் அடித்தால் நாற்பது பேரையும் நிற்க வைக்கிறோம். அடித்தவன் கூட்டத்தோடு நின்று தப்பித்துவிடுகிறான். மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அடுத்த முறை இந்தக் கேள்வியை நாமே எழுப்பலாம். பொற்கொல்லனை அவைக்கு அழைத்து விசாரிக்கும் காட்சியை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த மாணவியிடம் மறுநாள், “நூலில் பதில் இல்லைம்மா” என்றேன். “அப்ப தப்பிச்சிட்டானா சார்?” என்றாள். அன்றைய பாடம் அங்கேதான் தொடங்கியது.