சிங்காரவேலனுக்கு எத்தனை தவில்?

"பாட்டு வடிவா வாசிச்சவை அண்ணை. தவில்தான் காணாது."

உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துச் சம்பந்தி வீட்டுக்காரர், வெற்றிலையை மடித்தபடி சொன்ன தீர்ப்பு இது. காணாது என்றால் அவர்கள் பேச்சில் போதாது. மற்றபடி இரண்டு தவிலும் அவர் கண்ணெதிரேதான் இருந்தன. மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அன்று வாசித்தது 'சிங்காரவேலனே தேவா'. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதி, எஸ்.எம். சுப்பையா நாயுடு ஆபேரியில் அமைத்த பாட்டு. காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தோடு மல்லுக்கு நிற்க ஒரு குரல் வேண்டியிருந்தது. பி. லீலா கைகாட்டியது எஸ். ஜானகியை. ஜானகி திரைக்கு வந்து அப்போது ஐந்து வருடம்கூடச் சரியாக ஆகவில்லை. திரையில் சாவித்திரி பாடுவார், ஜெமினி கணேசன் ஊதுவார். நடுவே பாட்டை நிறுத்திவிட்டவளை நாயகன் கெஞ்சும் வசனத்தை எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இன்றும் பந்தியில் ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டுவார்கள். படம் வந்த இரண்டாம் வருடமே, 1964இல், காருகுறிச்சியார் போய்விட்டார். பாட்டை அதற்குப் பிறகு நாயனம் பிடித்தவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு சங்கடம் உண்டு. இது ஒருவர் வாசிக்கிற பாட்டு அல்ல. பாதி பெண் குரல், பாதி குழல். குரல் இல்லாத மேடையில் குரலை யார் வாசிப்பது? எங்கள் ஊர்ச் செட்டில் மூத்தவர் ஜானகி ஆகிவிடுவார், பக்கத்தில் இருக்கிற தம்பியோ மகனோ காருகுறிச்சி. முதலாமவர் சீவாளியை உதட்டில் லேசாக வைத்து, சொல் சொல்லாகப் பிரித்து ஊதுவார். இரண்டாமவர் வாய் நிறையக் காற்றை வாங்கிப் பதில் கொடுப்பார். கடைசி ஸ்வரப் பகுதியில் இரண்டும் துரத்திப் பிடித்து விளையாடும்போது, பந்திக்குப் போன ஆட்கள் கைகழுவாமல் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஊர்வலத்தில் பேண்டு செட்டு வாசித்தால் கிளாரினெட் ஜானகி, டிரம்பெட் காருகுறிச்சி. கேட்க முடியாது என்று சொல்பவர்கள் ஒருமுறை வந்தவாசி சாலையில் நின்று கேட்க வேண்டும். டிவி பாட்டுப் போட்டிகளில் இப்போது குழந்தைகள் நாயனத்தின் பிருகாவையும் தொண்டையிலேயே போட்டுவிடுகிறார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் எதிராளி இல்லாத சண்டை.

விருந்தாளி தன் கைபேசியை எடுத்து, அவர்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழாவைக் காட்டினார். அதே பாட்டு. இரண்டு நாயனம்தான், ஆனால் தவில் ஆறு! பல்லவியை ஒருமுறை வாசித்ததும் நாயனக்காரர்கள் சீவாளியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு தவில்களின் ராஜ்ஜியம். ஒருவர் ஒரு கணக்கை வைக்க, அடுத்தவர் அதைப் பிய்த்துப் போட, மூன்றாமவர் பிய்ந்ததைத் தைத்துக் கொடுக்க, சுற்றிலும் இளவட்டங்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசிலடிக்கிறார்கள். "இதுக்குப் பேர் மேளச்சமா" என்றார். நாங்கள் மேளக் கச்சேரி என்போம், அவர்களுக்கு சமா. நமக்குக் கோயில் உற்சவத்தில் உபயதாரர், அங்கே அன்றைய நாளை ஏற்றவர் திருவிழாக்காரர். தேருக்குப் பிறகு பூங்காவனம் என்றொரு இரவே உண்டாம். வீதி என்றால் அவர்களுக்குக் கோயிலைச் சுற்றிய வீதிதான், உள்வீதி, வெளிவீதி என்று. சனங்கள் மணலில் சப்பணமிட்டு நடுச்சாமம் வரை கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் வெளிவீதியை நானும் பலமுறை சுற்றியிருக்கிறேன், அதே அளவுக் கைபேசித் திரையில்.

தவிலுக்கு அவர்கள் காட்டும் மரியாதைக்குக் காரணம் இருக்கிறது. இணுவிலில் 1933இல் பிறந்த தெட்சணாமூர்த்தி ஒருவர் போதும். 1975இல் காலமாவதற்குள் தமிழ்நாட்டு வித்துவான்களே எழுந்து நின்று கேட்கும்படி வாசித்துவிட்டுப் போனார். அளவெட்டி பத்மநாதன் போன்ற நாயனக்காரர்களும் அங்கே இருந்தார்கள். விருந்தாளி இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனபோது, தெட்சணாமூர்த்தியைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்த அம்ஷன் குமார் எங்கள் பக்கத்துக்காரர் என்று மட்டும் சொல்லி வைத்தேன். யாழ்ப்பாணத்து மேளக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தஞ்சாவூர்தான் பூர்வீகம் என்றும் சொன்னேன். தஞ்சாவூருக்கும் உத்திரமேரூருக்கும் என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை. தஞ்சாவூர்க்காரர்கள் எங்கள் தொண்டை மண்டலத்து நாயனத்தை ஒரு பொருட்டாக மதித்ததில்லை என்பது வேறு கதை.

ஆனால் லயம் எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். கச்சேரி மேடையில் பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து, 'புல் பெஞ்ச்' என்று பெயர் வாங்கிய நாயினாப் பிள்ளை காஞ்சிபுரத்துக்காரர். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வேண்டுமென்றால் எங்களாலும் கணக்குப் போட முடியும். பாட்டு நடக்கும்போது போடுவதில்லை, அவ்வளவுதான். சிங்காரவேலன் பாட்டில் தவிலுக்கு வேலை, இரண்டு குரல்கள் பேசிக்கொள்வதற்கு இடம் விட்டு நிற்பது. எங்கள் தவில்காரர் சரணத்தில் தொப்பியை மட்டும் தடவிக்கொண்டு போவார். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் காத்திருக்கும். பாட்டைப் பாட்டாக வைத்திருப்பது நாங்கள்தான். இதை இளையனார்வேலூர் முருகன் சந்நிதியில் நின்றும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டை எங்கள் தலைமுறை படம் பார்த்துப் பழகவில்லை. அகில இந்திய வானொலி 1952இல் சினிமாப் பாட்டை ஒதுக்கிய காலத்திலேயே ஊர் காது இலங்கை வானொலிப் பக்கம் திரும்பிவிட்டது. விவித பாரதி 1957இல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டீக்கடையிலும் சலூனிலும் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்குப் பின்னால்தான் காருகுறிச்சி எங்களிடம் வந்தார். தமிழ்நாட்டு நாயனம் கடல் தாண்டிப் போய்க் கொழும்பிலிருந்து உத்திரமேரூருக்கு வந்தது. விருந்தாளி இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்துபோனார், எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டதாகத் தோன்றியது. பதிலுக்கு அவர், தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட கதையைச் சொன்னார். ஒரு பாட்டு முடியும்வரை ஒருவர் சுற்ற வேண்டும். அதற்கு எதிராக வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு அவர் கேட்டது எளிய கேள்வி. "ஏன் அண்ணை, இன்னும் ரெண்டு தவில் கூப்பிடயில்லை?"

பாட்டின் அடக்கம், மரபு என்று ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா குறுக்கே வந்து, ரிசப்ஷனுக்குச் செண்டை மேளம் பேசியதில் நாயனத்துக்கு ஒதுக்கியது கரைந்துபோனதைச் சொல்லிவிட்டார். கேரளத்துச் செண்டை இப்போது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மண்டபங்களில் முதல் செலவு. கோயில்களிலும் பல இடத்தில் மேளக்காரர் வேலை காலியாகக் கிடக்க, மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் தீபாராதனைக்குத் தடதடக்கின்றன. அந்த இயந்திரத்துக்கு ஆபேரி வராது. எங்கள் செட்டுக்காரர்கள் முகூர்த்த மாதம் போக மற்ற நாளில் வயலுக்கும் கடைக்கும் போகிறவர்கள். அங்கே ஒரு திருவிழாக்காரர் மேளத்துக்கென்றே தனியாகப் பணம் எடுத்து வைக்கிறார் என்பதைக் கேட்டபோது எங்கள் நாயனக்காரரின் மகன் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான்.

அவன் அந்தக் காணொளியைத் தன் கைபேசிக்கு வாங்கிக்கொண்டான். தவில் பகுதியை ஓட்டிவிட்டு நாயனம் வரும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டான். பல்லவியின் முடிவில் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் வைத்த ஒரு சங்கதி புதிதாக இருக்கிறதாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் அதை வாசித்துப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.