துப்பாக்கி வாங்கிய அத்தியாயம்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து இளம் நண்பர் ஒருவர் தம்முடைய முதல் நாவலைக் கட்டிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பதினைந்து நாள் கழித்து அபிப்பிராயம் கேட்க வந்தார். நாவல் மோசமில்லை. தாமிரபரணிக் கரை, வாழைத்தோட்டம், கள்ளபிரான் கோயில் வாசலில் சாயங்காலப் பேச்சு, இவையெல்லாம் இயல்பாக வந்திருந்தன. ஆனால் ஓர் அத்தியாயத்தில் நான் நின்றுவிட்டேன். மேலே போக மனம் வரவில்லை.

1938ஆம் வருஷம். கதாநாயகன் மிராசுதாரின் மகன், வயது இருபத்திரண்டு. முதன்முதலாக வேட்டைத் துப்பாக்கி வாங்குகிறான். "பட்டணத்துக்குப் போய் ஓர் உயர்ரகத் துப்பாக்கியை வாங்கி வந்தான்" என்பது ஆசிரியர் வாக்கு. மறுநாள் விடியுமுன் வல்லநாட்டு மலைக்குப் போகிறான். "இரட்டைக் குழல் ரைபிளின் போல்ட்டை இழுத்துவிட்டுக் குறி பார்த்தான். டுமீல்! மான் சுருண்டு விழுந்தது." அத்தியாயம் முடிந்தது.

இரட்டைக் குழல் ரைபிளுக்கு இழுக்கிற போல்ட் கிடையாது என்று சொன்னேன். நண்பர் சிரித்தார்.

"அண்ணாச்சி, துப்பாக்கி துப்பாக்கிதானே? நாவல் படிக்கிறவன் என்ன ஆயுதப் பரீட்சையா எழுதப்போகிறான்?"

நியாயமான கேள்விதான். நம் எழுத்தாளர்களில் பலர் இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அவருக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். போல்ட்-ஆக்ஷன் ரைபிள் என்பது கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற அமைப்புடையது. கைப்பிடியை மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வெளியே தெறிக்கிறது. முன்னுக்குத் தள்ளினால், கீழே அறையில் இருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. கைப்பிடியைத் தாழ்த்தினால் பூட்டிக்கொள்கிறது. ஜெர்மனியில் மௌசர் 1898இல் செம்மைப்படுத்திய அமைப்பைத்தான் பிறகு வந்த வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பின்பற்றின. இரட்டைக் குழல் ரைபிள் வேறு ஜாதி. நடுவில் மடித்துத் திறந்து இரண்டு தோட்டா போடவேண்டும்; இரண்டாவது வெடி உடனே கிடைக்கும்; மூன்றாவதுக்கு மறுபடி திறக்கவேண்டும். விலையோ பன்மடங்கு. ராஜாக்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் வாங்கியது அது. தாழ்ப்பாள் ரைபிள் நடுத்தர வசதி உள்ளவன் வாங்கியது.

ஆகவே மிராசுதார் மகன் கையில் எதைக் கொடுப்பது என்பது அலங்கார விஷயமல்ல. அவன் யார் என்பதையே அது சொல்லிவிடும். முதல் துப்பாக்கி வாங்குகிறவன் கடையில் நிற்கிற நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கட்டை தன் தோளுக்குச் சரியான நீளமா, நாள் முழுவதும் தூக்கி நடக்கக் கூடிய கனமா, விசை எத்தனை அழுத்தத்தில் விடுபடுகிறது, தோட்டா நம் பக்கத்தில் தொடர்ந்து கிடைக்குமா, இவைதாம் விவரம் தெரிந்தவன் கேட்கிற கேள்விகள். தெரியாதவன் கேட்பது ஒன்றுதான்: "இருப்பதில் பெரியது எது?" பெரியதை வாங்கினால் அது தோளில் உதைக்கும். இரண்டு முறை உதை வாங்கியவன் மூன்றாவது முறை விசையை அழுத்தும்போது தானறியாமல் கண்ணை மூடிக்கொள்வான். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட பெல் என்பவர், அவற்றில் பெரும்பகுதியை 7 மில்லிமீட்டர் என்கிற சிறிய தோட்டாவால்தான் வீழ்த்தினார். யானையின் மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்பதை அவர் படித்து வைத்திருந்தார். அந்தக் கொலைக் கணக்கை இன்று யாரும் கொண்டாடமாட்டார்கள். ஆனால் துப்பாக்கியின் பருமனைவிட அறிவு முக்கியம் என்பதற்கு அது சாட்சி.

இதே அளவுத் துப்பாக்கிதான் ஜிம் கார்பெட்டுக்கும் கிடைத்தது. சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியை அவர் 1907இல் சுட்டார். அதைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹிவெட், ரிக்பி கம்பெனியின் .275 போல்ட்-ஆக்ஷன் ரைபிளை அவருக்குப் பரிசளித்தார். அந்த ரைபிள் பிற்காலத்தில் அவருடைய பிரசுரகர்த்தர்களிடம் போய், 2015இல் செய்த கம்பெனிக்கே திரும்பியது.

1944இல் வெளியான 'குமாவுன் புலிகள்' புத்தகத்தில் கார்பெட் இந்த வேட்டையை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். (தி. ஜ. ர. இதைத் தமிழாக்கியிருக்கிறார்.) தம்மிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள் என்று முன்னமேயே சொல்லிவிடுகிறார். மூன்றும் தீர்ந்துவிடுகின்றன. காயம் பட்ட புலி எதிரே நிற்கிறது. ஓடிப்போய்த் தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். கிட்டே வந்த பிறகுதான், அதன் குழலுக்கும் பின்கட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பதைக் கவனிக்கிறார். சுட்டால் தன் முகத்திலேயே வெடிக்கலாம். சுடுகிறார். வாயைக் குறிபார்த்த குண்டு முன்பாதத்தில் படுகிறது. முந்திய காயங்களால்தான் புலி சாகிறது.

வீரதீரக் கதை எழுதுகிறவனாக இருந்தால் அந்தக் கடைசிக் குண்டை நெற்றிப்பொட்டில் பாய்ச்சியிருப்பான். கார்பெட் அப்படிச் செய்யவில்லை. பழுதான துப்பாக்கியும் பிசகிய குறியுமாகவே எழுதிவிடுகிறார். கடைசியில் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியும், உடன் வந்த கிராமத்து மனிதருக்கு ஒரு கத்தியும் தர்பாரில் பரிசாகக் கிடைத்ததைச் சொல்கிறவர், தமக்குக் கிடைத்ததைப் பற்றி அங்கே வாய் திறப்பதில்லை. ஆயுதத்தைப் பற்றி அவர் சொல்லுகிற உண்மைதான் ஆளைப் பற்றியும் நமக்கு நம்பிக்கையை உண்டாக்குகிறது. தோட்டா எண்ணிக்கையில் பொய் சொல்லாதவர் பயத்தைப் பற்றியும் பொய் சொல்லமாட்டார் என்று வாசகன் தீர்மானித்துக்கொள்கிறான்.

கார்பெட் வேட்டைக்காரர், கதாசிரியர் அல்ல என்று சிலர் சொல்லலாம். சரி, கதாசிரியர்களையே பார்ப்போம். ஹெமிங்வே 1936இல் எழுதிய பிரான்சிஸ் மக்கோம்பர் கதையில் மூன்று துப்பாக்கிகள் வருகின்றன. வேட்டைக்கு வழிகாட்டுகிற வில்சனிடம் யானையையே தடுத்து நிறுத்தும் .505 கிப்ஸ். பணக்காரக் கணவனிடம் ஸ்பிரிங்பீல்டு. மனைவி கைக்கெட்டும் தூரத்தில், காரில், மெல்லிய 6.5 மான்லிக்கர். கணவன் சிங்கத்தைக் கண்டு ஓடுகிறான். மனைவி அவனை வெறுக்கிறாள். பிறகு அவனுக்குத் தைரியம் வருகிறது. அந்தக் கணத்தில் மான்லிக்கர் வெடிக்கிறது. எருமையைத் தான் சுட்டாளா, கணவனையா என்று இன்றுவரை விமரிசகர்கள் வாதாடுகிறார்கள். மூன்றையும் வெறுமே "துப்பாக்கி" என்று எழுதியிருந்தால் அந்தக் கதை பாதி செத்துப்போயிருக்கும்.

அதே வருஷம் ஆர்வெல் எழுதிய யானை சுட்ட கட்டுரையும் அப்படித்தான். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் முதலில் எடுத்துப்போனது பழைய .44 வின்செஸ்டர், அது யானையைக் கொல்லப் போதாது என்று அவருக்கே தெரியும். தற்காப்புக்காகப் பெரிய ரைபிளை இரவல் வாங்கியனுப்பச் சொல்கிறார். அது கைக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் ஊரே திரண்டு பின்னால் வருகிறது. யானை அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது, சுடத் தேவையில்லை, ஆனாலும் கூட்டத்தின் முன் அவமானப்படப் பயந்து சுடுகிறார். துப்பாக்கியை மாற்றியதுதான் கதையையே மாற்றியது.

நம்மிடத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெரிய புராணத்தில் திண்ணன் கையில் வில் ஏறுவதைச் சேக்கிழார் ஒரே அடியில் முடித்துவிடவில்லை. நாள் பார்க்கிறார்கள், உறவெல்லாம் கூடுகிறது, விழா நடக்கிறது. தந்தை நாகன் கிழவனாகித் தளர்ந்து தலைமையை மகனிடம் ஒப்படைத்த பிறகுதான் கன்னி வேட்டை. பின்னால் தன் கண்ணையே பெயர்த்து அப்பப்போகிறவனின் கைக்கு ஆயுதம் எப்படி வந்தது என்பது கவிக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. நம் காலத்தில் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருக்கிறது. மாட்டின் திமிலையும் கொம்பையும் அது திரும்புகிற விதத்தையும் அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர் எழுதியது. களத்தில் இறங்குகிறவனுக்கு இரண்டு கைகள்தாம் உண்டு. துப்பாக்கி மேடையில் இருக்கிற ஜமீன்தாரிடம். கடைசியில் அதனால்தான் காரிக் காளை சாகிறது. யாரிடம் கை, யாரிடம் துப்பாக்கி என்பதிலேயே ஒரு சமூகம் முழுதும் வந்துவிடுகிறது.

இங்கேதான் நம் ஸ்ரீவைகுண்டத்து நண்பர் கோட்டைவிட்டார். போல்ட் பிசகு அச்சுப்பிழை மாதிரி. ஒரு நிமிஷத்தில் திருத்திவிடலாம். என் கேள்வி வேறு.

"தம்பி, உங்கள் கதாநாயகனுக்கு லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். நாவலில் லைசென்ஸே இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் ஆயுதம் என்பது சாதாரண வார்த்தையல்ல. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஜனங்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸை விதித்து ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. அந்தப் பாகுபாடு எழுத்தில் நீங்க முதல் உலகப் போர் முடியவேண்டியிருந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், கலகக்காரர்களுக்குத் தோட்டா அகப்பட்டுவிடுமோ என்கிற அச்சத்தில் .450 அளவு ரைபிளை இந்தியாவில் தடுத்தார்கள், இங்கிலாந்துக் கம்பெனிகள்.470 என்றும் .465 என்றும் புது அளவுகள் கண்டுபிடித்து விற்றன. பட்டாளத்து .303ஐத் தனி மனிதன் வைத்துக்கொள்ளத் தடை இருந்ததால்தான் .315 இங்கே பரவியது. ஆக, கடைக்காரன் மேஜைமேல் எடுத்துவைத்த சாமான்களை அரசாங்கத்தின் பயம் முன்பே பொறுக்கி வைத்துவிட்டது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டான். அதன் பிறகு இந்த ஜில்லாவில் ஒருவன் துப்பாக்கிக்கு மனுப் போட்டால் கச்சேரியில் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

மிராசுதார் மகனுக்கு 1938இல் ரைபிள் கிடைத்ததென்றால், அவன் அப்பா தாசில்தாரிடம் போயிருக்கவேண்டும். கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் யாருக்காகவோ காத்திருக்கவேண்டும். இந்தக் குடும்பம் ராஜவிசுவாசமுள்ளது என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். எதைப் பண்ணி அந்த நல்ல பெயரை வாங்கினார்? நாலே வருஷத்தில், 1942இல், குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். வட்டாரமே போலீஸ் கையில் சிக்கியது. அன்று அந்த வீட்டு ரைபிள் எங்கே இருந்தது? மகன் யார் பக்கம் இருந்தான்? மான் சுருண்டு விழுந்ததைவிட இதல்லவா கதை?

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டிலேயே ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. தாத்தா வாங்கினது. .315. அப்பா லைசென்ஸைப் புதுப்பிச்சுக்கிட்டே வர்றாங்க. எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும். முடிஞ்சா திரும்ப வாங்கணும். யாரும் சுட்டு நான் பார்த்ததில்லை. தாத்தாவுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டா, அப்பா பேச்சை மாத்திடுவாங்க."

"அந்தத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?"

"சின்ன வயசிலே ஒரு தடவை. கனமா இருந்தது. அவ்வளவுதான்."

வீட்டு அலமாரியில் உண்மையான துப்பாக்கியை வைத்துக்கொண்டு, சினிமாவில் பார்த்த துப்பாக்கியை நாவலில் எழுதியிருக்கிறார்! இது அவர் ஒருவருடைய குற்றமல்ல. தனக்குத் தெரிந்தது இலக்கியமாகாது, எங்கோ கேட்டதுதான் இலக்கியம் என்கிற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிக் கிடக்கிறது. தகவல் பிழையை நான் சுட்டிக்காட்டுவது ஆசிரியரை மடக்குவதற்காக அல்ல. பிழை இருக்கிற இடத்தில் அவர் கவனிக்காமல் தாண்டிப்போன வாழ்க்கை ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. துப்பாக்கியைச் சரியாகப் பார்த்திருந்தால் லைசென்ஸ் தெரிந்திருக்கும். லைசென்ஸைப் பார்த்திருந்தால் தாத்தா தெரிந்திருப்பார்.

இன்று அந்தக் கதாநாயகன் செய்ததை யாரும் செய்ய முடியாது. 1972இன் வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. அவன் மான் சுட்ட வல்லநாட்டு மலை 1987இலிருந்து வெளிமான் சரணாலயம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழ்கிற தெற்குக் கோடி அதுதான். ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, ஒருவருக்கு மூன்று என்பது இரண்டாகக் குறைந்தது. துப்பாக்கி செய்யவேண்டிய வேலை அந்த மலையில் ஒன்றும் பாக்கி இல்லை. சுமக்கிற கதை மட்டும் பாக்கி இருக்கிறது.

நண்பர் புறப்படும்போது, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். மானை மட்டும் விட்டுவிடுங்கள். ஊருக்குப் போனதும் அப்பாவிடம் இன்னொரு தடவை கேளுங்கள்" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டாரா என்று இன்னும் கடிதம் வரவில்லை. காத்திருக்கிறேன்.