நடுச்சங்கிலியின் பாரம்

இரு முனையிலும் நட்டநடுவிலுமாக மூன்று சங்கிலிகளில் மேடைக்கு மேலே தொங்கும் விளக்குச் சட்டத்தின் பாரம் மூன்றாகச் சமமாய்ப் பிரியும் என்று சாமானிய புத்தி சொல்ல, சீராகப் பரவிய 800 கிலோவில் நடுச்சங்கிலி ஒன்றே 500 கிலோவைத் தாங்குவதும், ஓரத்துச் சங்கிலிகள் தலைக்கு 150 கிலோவோடு திருப்தியடைந்துவிடுவதும் எனக்குத் தீராத விநோதம். கணினி இதற்கு விரோதமாக நடுவில் 400 என்று காட்டினால், அவ்விடத்து இணைப்பை விறைப்பானதாக அல்லாமல் கீல்போல் மடங்குவதாக யாரோ குறித்துவிட்டார் என்று அனுபவசாலி ஊகித்துவிடுவார். கூட்டுத்தொகை மட்டும் பிசகாமல் 800 ஆகவே நிற்பதுதான் இப்பிழையின் சாமர்த்தியம்! சரியான கணக்கும்கூட, மூன்று கொக்கிகளும் ஒரே மட்டத்தில் நிற்கும் வரையில்தான் செல்லும். நடுச்சங்கிலி முற்றும் தொய்ந்தால் ஓரங்களுக்குத் தலைக்கு 400 போய்ச் சேரும். ஆகையால், சங்கிலிக்கும் சட்டத்துக்கும் இடையே எடைமானியைக் கோத்துப் பார்த்த பிறகே மேடையில் ஆட்களை ஏற்றுங்கள்.